மூணாறு மழையில் மூன்று ஆங்கில ரோஜாக்கள்

ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாற்றில், எங்கள் வீட்டு முற்றத்தில், அடிவாரத்து நாற்றுப்பண்ணை ஒன்றில் வாங்கிய மூன்று ஒட்டு ரோஜாச் செடிகளை இரண்டு ஆண்டுகளாக வளர்த்துவருகிறேன். மூன்றும் புதிய ரோஜா வகைகளை உருவாக்கிய ஆங்கிலேயர் டேவிட் ஆஸ்டினுடையவை. பழைய ரோஜாக்களின் அடுக்கிதழையும் மணத்தையும், புதிய வகைகளின் மீண்டும் மீண்டும் பூக்கும் இயல்போடு இணைப்பதே அவரது நோக்கமாக இருந்தது. ஆனால் 1961-இல் வந்த அவரது முதல் ரோஜாவான கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும்.

மணத்தில் முதலிடம் 1986-இல் அறிமுகமான கெர்ட்ரூட் ஜீக்கிலுக்கே. அதன் இளஞ்சிவப்புப் பூ ஒன்றைக் காலையில் பறித்து மேசையில் வைத்தால், அம்மா பூஜைக்கு எடுத்துவைக்கும் பன்னீர் ரோஜாவின் வாசமே இன்னும் அடர்த்தியாக அறை முழுவதும் பரவி, மாலைவரை நிற்கிறது, முள்ளுக்கும் குறைவில்லை. ஆபிரகாம் டார்பிக்குப் பழவாசம், ஆனால் பூவின் கனத்தால் காம்பு கவிழ்ந்துவிடுகிறது. பொன்மஞ்சள் நிறக் கிரகாம் தாமஸுக்குத் தேயிலை மணம் என்பார்கள். நாள்தோறும் தேயிலைக் காற்றைச் சுவாசிக்கும் எங்கள் மூக்குக்கு அது எட்டவில்லை.

ஜூன் மழையில் அடுக்கிதழ் மொட்டுகள் நீர் கோத்து விரியாமலே அழுகுகின்றன. இலைகளில் கரும்புள்ளி நோயும் படர்கிறது. பண்ணையின்மேல் ஒரு குறை உண்டு: கிரகாம் தாமஸ் செடியில் ஒட்டுக்குக் கீழே அடிச்செடியிலிருந்து முளைத்திருந்த காட்டுக்கிளையை நீக்காமலே விற்றிருந்தார்கள். மழைக்கூரை போட இயலாதவர்கள், மணத்துக்காக, கெர்ட்ரூட் ஜீக்கிலை மட்டும் வாங்கினால் போதும்.