ஜனவரியில் எது: அல்மாட்டியா, சமர்கண்டா?

டிசம்பர் பிறந்தால் போதும், தெரிந்தவர்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. ஒரு வாரம் பத்து நாள் விடுமுறை இருக்கிறது. டெல்லியிலிருந்து நேரடி விமானம் உண்டு. கஜகஸ்தானில் இந்திய பாஸ்போர்ட்டுக்கு 14 நாள் வரை விசாவே வேண்டாம். உஸ்பெகிஸ்தானுக்கு வீட்டிலிருந்தே இணையத்தில் விசா வாங்கிவிடலாம். நடுக்குளிரில் போனால் கஜகஸ்தானின் அல்மாட்டியா, உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டா? இரண்டு ஊரிலும் ஊருக்கொரு ஜனவரி இருந்துவிட்டு வந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கஜகஸ்தானின் தலைநகர் அஸ்தானாவைக் கணக்கில் எடுக்கவில்லை. திறந்த புல்வெளியில் உட்கார்ந்திருக்கும் ஊர் அது. உறைநிலைக்குக் கீழே முப்பது டிகிரியும் அதன்மேல் காற்றுமாக, முதல் பயணத்துக்குத் தாங்காது.

பெரும்பாலானவர்கள் நினைத்துக்கொண்டு போவது பனியைத்தான். அந்த ஒன்றில் போட்டியே இல்லை. அல்மாட்டியின் ஜனவரி சராசரி உறைநிலைக்குக் கீழே ஐந்து டிகிரியை ஒட்டி இருக்கும். விழுந்த பனி வாரக்கணக்கில் கிடக்கும். சமர்கண்டில் சராசரி பூஜ்யத்துக்குச் சற்று மேலே. பகலில் ஆறேழு டிகிரி வரை ஏறும், இரவில் உறையும். பனி விழுந்தால் அதிர்ஷ்டம், இரண்டு மூன்று நாளில் கரைந்து சேறாகிவிடும். ஆனால் உடம்புக்கு எது கடுமை என்று கேட்டால் பதில் மாறுகிறது. அல்மாட்டியின் குளிர் காற்றில்லாத, வறண்ட குளிர். சரியான பூட்ஸும் உள்ளே ஒரு கம்பளி அடுக்கும் இருந்தால் மூன்று மணி நேரம் நடக்கலாம். சமர்கண்டின் குளிர் ஈரக்குளிர். மழையும் பனியும் கலந்து தூறும் நாளில் கால் விரல் வழியாக ஏறும்.

வீட்டுக்குள் வந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். அல்மாட்டி நகர மையத்தில் சோவியத் காலத்திலிருந்தே வெந்நீர்க் குழாய் வழியாகச் சூடு வருகிறது. ஜன்னல் இரட்டைக் கண்ணாடி. அறைக்குள் சட்டையோடு உட்காரலாம்; சில இடங்களில் புழுக்கமாகவே இருக்கும். சமர்கண்டில் நான் தங்கியது மஹல்லா எனும் பழைய குடியிருப்புப் பகுதி ஒன்றில், முற்றத்தைச் சுற்றி அறைகள் கட்டிய வீடு. வேனிலில் அந்த முற்றம் சொர்க்கமாக இருக்கும். ஜனவரியில் குளியலறைக்குப் போக அந்த முற்றத்தைத்தான் தாண்ட வேண்டும். இரண்டாம் நாள் இரவு மின்சாரம் போய், ஹீட்டரும் நின்றது. வீட்டுக்கார அம்மா, எல்லோரும் ‘ஓபா’, அதாவது அக்கா என்று கூப்பிடுபவர், பருத்தி அடைத்த மெத்தைப் போர்வை இரண்டைக் கொண்டுவந்து என்மேல் போட்டு, ஓரங்களை எல்லாம் மடித்துச் செருகிவிட்டுப் போனார். அத்தனை கனமான போர்வைக்குள் நான் தூங்கியதே இல்லை. விடியும்வரை குளிரவும் இல்லை. இதை அழகான நினைவு என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. 2023 ஜனவரியில் வழக்கத்துக்கு மீறிய குளிர் அடித்தபோது தாஷ்கண்ட் உட்பட நாடு முழுவதும் எரிவாயுவும் மின்சாரமும் தட்டுப்பாடாகி மக்கள் தவித்தார்கள். குழந்தையோ வயதானவர்களோ கூட வருகிறார்கள் என்றால் அறையைப் பதிவு செய்யும் முன் சூடேற்ற என்ன வசதி, மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

அல்மாட்டிக்கு வேறொரு குறை உண்டு. விளம்பரப் படங்களில் அது தெரியாது. ஊரின் தெற்கே சுவர்போல நிற்கிறது தியான்ஷானின் இலே அலாதாவ் மலைத்தொடர். குளிர்காலத்தில் கனமான குளிர்காற்று அந்தச் சுவரடியில் தேங்க, மேலே வெப்பமான காற்று மூடிபோலக் கவிந்துகொள்ளும். அசையக் காற்றும் கிடையாது. நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையப் புகை, வீட்டு அடுப்புப் புகை, வண்டிப் புகை எல்லாம் அந்த மூடிக்குள். நான் இறங்கிய முதல் மூன்று நாளும் மலை இருந்த திசையே தெரியவில்லை. தொண்டையில் கரிச்சுவை. ஆஸ்துமா உள்ளவர்களை நான் ஜனவரியில் அல்மாட்டிக்கு அனுப்பமாட்டேன். மூடுபனியால் விமானங்கள் தாமதமாவதும் அங்கே வழக்கம்தான். திரும்பும் நாளில் எனக்கு ஏழு மணி நேரம் நிலையத்திலேயே போனது. அடுத்த விமானத்துக்கு நெருக்கமாக நேரம் வைக்காதீர்கள்.

அந்த மூடியைத் தாண்டி மேலே போகும்போதுதான் அல்மாட்டி தன்னைக் காட்டுகிறது. ‘கஜகஸ்தான்’ ஹோட்டல் எதிரிலிருந்து 12ஆம் எண் பஸ் ஏறினால் மெதேவு. கடல் மட்டத்துக்கு 1,691 மீட்டர் மேலே, மலைகளுக்கு நடுவே 10,500 சதுர மீட்டருக்குப் பனித்தளம். ஸ்கேட்ஸ் வாடகைக்குக் கிடைக்கும். அங்கிருந்து நாலரை கிலோமீட்டர் ரோப் கார் ஷிம்புலாக் எனும் பனிச்சறுக்குத் தளத்துக்கு ஏற்றிவிடும். அங்கிருந்து மாறி மாறி ஏறினால் கிட்டத்தட்ட 3,200 மீட்டர். நான் போன நாளில் பெட்டிக்கு வெளியே முதலில் வெறும் சாம்பல் நிறம். திடீரென்று ஒரு கோட்டைத் தாண்டியதுபோல வெயில். கண் கூசி, கறுப்புக் கண்ணாடி தேடினேன். திரும்பிப் பார்த்தால் கீழே ஊரே இல்லை, பழுப்பேறிய ஒரு பரப்பு மட்டும். கீழே விட மேலே வெதுவெதுப்பு. பனிச்சறுக்கு தெரியாதவர்களுக்கும் இந்த ஒரு நாள் போதும். ஆனால் புத்தாண்டிலிருந்து ஜனவரி 7, ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துமஸ் வரை போகாதீர்கள். கூட்டமும் விலையும் சேர்ந்து ஏறும்.

நகருக்குள் பார்க்க அதிகமில்லை என்பது என் எண்ணம். பன்ஃபிலோவ் பூங்காவில் மரத்தாலேயே எழுப்பிய ஜென்கோவ் தேவாலயத்தைப் பார்த்தே தீரவேண்டும். 1907இல் கட்டி முடித்து, 1911இன் பெரும் நிலநடுக்கத்திலும் நின்ற கட்டடம். மஞ்சளும் சிவப்பும் பச்சையுமான அதன் கோபுரங்கள் வெண்பனியில் எடுப்பதுபோல வேறெந்தப் பருவத்திலும் எடுக்காது. பிறகு அரசான் குளியல் கூடத்தின் நீராவி. நடக்கும்போது ஒரே எச்சரிக்கை: தெருவோரமெல்லாம் ‘அரிக்’ எனும் நீர்க்கால்வாய்கள் ஓடுகின்றன. பனி மூடிவிட்டால் நடைபாதை எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

சமர்கண்டுக்கு நேர்மாறான கணக்கு. அங்கே பார்க்க வந்ததெல்லாம் ஊருக்குள்ளேயே, நடக்கும் தூரத்தில். குளிர்காலம் அவற்றின்மேல் இருந்த கூட்டத்தை எடுத்துவிடுகிறது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், மூன்று மதரசாக்கள் சூழ்ந்த ரெகிஸ்தான் சதுக்கத்தில் குழு குழுவாகக் கொடி பிடித்த வழிகாட்டிகள். நான் போன காலை எட்டரை மணிக்கு விளக்குமாற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. மேற்கே உலுக் பெக் மதரசா, 1420இல் முடிந்தது. எதிரே கிழக்கில் ஷெர்தோர், வடக்கே தில்யகாரி. இரண்டும் இருநூறு ஆண்டுக்குப் பிந்தியவை. இந்த அமைப்பு ஜனவரிக்கென்றே வாய்த்ததுபோல இருக்கிறது. காலை வெயில் உலுக் பெக்கின் முகத்தில் விழும். தாழ்வாகத் தெற்கே சாய்ந்து போகும் சூரியன் தில்யகாரியைப் பகல் முழுக்க விடாது. சாயங்காலம் ஷெர்தோரின் புலியும், அதன் முதுகில் மனித முகத்தோடு எட்டிப் பார்க்கும் சூரியனும் பொன்னாகும். உச்சிவெயிலில் சுவரில் பதித்த ஓடுகளின் நீலம் வெளுத்துப்போகும். இந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் ஓட்டின் விரிசல்கூடத் தெரியும்.

ஷாஹி ஜிந்தாவில் இருபுறமும் கல்லறை மண்டபங்கள் நெருக்கும் அந்தக் குறுகிய சந்தில், துவா கேட்க வந்த உள்ளூர்ப் பெண்கள் நால்வரும் நானும் மட்டும். ஏறும் படிகளில் உறைநீர், கைப்பிடித்து ஏறுங்கள். கூர் அமீர் கல்லறை மண்டபத்தில் தைமூரின் கரும்பச்சைக் கல்லின் முன் நின்றபோது குளிரில் கால் மரத்துவிட்டது. அந்த மனிதர் இறந்ததே இப்படிப்பட்ட குளிரில்தான். சீனத்தின் மேல் படையெடுத்து, உறைந்த சிர் தரியா ஆற்றைக் கடந்து, 1405 பிப்ரவரியில் ஒத்ராரில், இன்றைய கஜகஸ்தான் மண்ணில் உயிர்விட்டார். அங்கிருந்து உடலைக் கொண்டுவந்து இங்கே அடக்கினார்கள். ஏப்ரலில் வந்திருந்தால் இதைப் படித்துவிட்டு நகர்ந்திருப்பேன்.

வெளிச்சத்திலும் சமர்கண்டுக்கே சாதகம். 2024 மார்ச் முதல் கஜகஸ்தான் முழுவதும் ஒரே நேரம் என்றாக்கியதால் இரண்டு ஊர்க் கடிகாரமும் இப்போது ஒன்றுதான், நம்மைவிட அரை மணி பின்னால். ஜனவரி நடுவில் அல்மாட்டியில் நாலே முக்காலுக்குள் பொழுது சாய்ந்துவிடும். சமர்கண்டில் ஐந்தரை வரை இருக்கும். விடிவது மட்டும் தாமதம், எட்டு மணியை ஒட்டி.

சாப்பாட்டில் இரண்டுமே கறி ஊர். அல்மாட்டியில் குளிர்காலத்துக்கென்றே குதிரை அறுத்து இறைச்சி சேமிக்கும் ‘சோகிம்’ வழக்கம் உண்டு. கஸி எனும் குதிரைக்கறித் தொத்திறைச்சி அப்போதுதான் நன்றாக இருக்கும் என்பார்கள். சைவர்களுக்குப் பச்சைச் சந்தையின் கொரியப் பெண்கள்தான் துணை. 1937இல் ஸ்டாலின் தூரக்கிழக்கிலிருந்து ரயிலேற்றி இந்த மண்ணுக்குத் துரத்திவிட்ட கொரியர்களின் வழிவந்தவர்கள். சீன முட்டைக்கோஸ் கிடைக்காத குறைக்குக் காரட்டைச் சீவி, பூண்டும் மிளகாயும் வினிகரும் சேர்த்து ஒரு ஊறுகாய் கண்டுபிடித்தார்கள். நம் நாக்குக்கு அந்தக் காரம் வீட்டை நினைவூட்டும்.

சமர்கண்டில் சியாப் பஜார். காலையில் குழந்தைத் தள்ளுவண்டிகளில் ரொட்டியை அடுக்கித் தள்ளிவருவார்கள். நடுவில் முத்திரை குத்திய, கனமான, பளபளக்கும் வட்ட நோன். சூடாக ஒன்றை வாங்கிக் கோட்டுக்குள், நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொண்டேன். பஜாரைச் சுற்றி முடிக்கும்வரை அதுதான் என் கணப்பு. பிய்த்தபோது இன்னும் ஆவி வந்தது. மாதுளை, வாதுமை, பூசணி வைத்த சம்சா, பீங்கான் கிண்ணத்தில் பச்சைத் தேநீர் என்று கறி சாப்பிடாமலும் ஒரு வாரம் ஓட்டலாம். பிலாவ் சாப்பிடுபவர்கள் மதியத்துக்குள் போய்விடுங்கள், அண்டா காலியாகிவிடும். இங்கே அரிசி, காரட், கறி மூன்றையும் கலக்காமல் அடுக்கடுக்காக வைப்பார்கள்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், பனியைப் பார்த்தே இராத பிள்ளைகளோடு போகிறவர்கள் யோசிக்காமல் அல்மாட்டிக்குப் போங்கள். மூன்று நாள் போதும், அதில் இரண்டை மலைக்கு ஒதுக்குங்கள். மற்ற எல்லோருக்கும் என் ஓட்டு சமர்கண்டுக்கு. பத்து நாள் கையில் இருந்தால் இரண்டையும் சேர்க்கலாம். அல்மாட்டியை முதலில் வையுங்கள். அங்கிருந்து தாஷ்கண்டுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். சாஸ்திரி 1966இல் இதே ஜனவரியில் இறந்த ஊர் என்பதால் ஒரு பகல் அங்கே நின்றேன். பிறகு அஃப்ரோசியாப் ரயில் இரண்டே கால் மணி நேரத்தில் சமர்கண்டில் விடும். சீசனில் கிடைக்காத டிக்கெட் ஜனவரியில் எளிதாகக் கிடைத்தது.

வரும் ஜனவரிக்கு நான்கு இரவு அந்த முற்றத்து வீட்டிலேயே சொல்லிவைத்திருக்கிறேன். குளியலறை ஒட்டிய அறையாகக் கேட்டேன். இருக்கிறது, போர்வையும் இருக்கிறது, வா என்று ஓபா எழுதியிருக்கிறார்.