25 நிமிடமா, ஒரே மூச்சில் 2 மணி நேரமா?

மலேசியாவின் இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். நெருங்கினால் சுங்கை சிப்புட் தோட்டப்புறப் பெற்றோர் பலருக்கும் இதே குழப்பம்: பிள்ளை 2 மணி நேரம் எழாமல் படிப்பதா, 25 நிமிடம் படித்து 5 நிமிடம் ஓய்வதா? பின்னது, பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் பிற்பகுதியில் தக்காளி வடிவச் சமையலறை மணியை வைத்து வகுத்த முறை.

கவனம்: 1948இல் உளவியலாளர் நார்மன் மெக்வொர்த், கடிகாரம் போன்ற கருவியில் முள்ளின் அரிதான இரட்டைத் தாவல்களைச் சிலரைக் கண்காணிக்கச் செய்தபோது, அரை மணி நேரத்துக்குப் பின் தவறவிட்டவை கூடின. ஆனால் அது சலிப்பூட்டும் காவல் வேலை. கணக்குப் போடுவதோடு அப்படியே பொருத்திவிட முடியாது.

ஆழம்: இங்கே நீள் அமர்வே மேல். என் அக்காள் மகன் கூடுதல் கணிதத்தில் மூன்றாம் வரியை எழுதும்போது மணி அடித்தது. செம்பனை லாரி போவதை வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தவன், மீண்டும் முதல் வரியிலிருந்தே தொடங்கினான்.

செலவு: இரண்டுக்கும் இல்லை. கைப்பேசியை மணியாக்கினால் மட்டும் 5 நிமிட ஓய்வு 40 நிமிடமாகிவிடும்.

ஆகவே வரலாறு, அறிவியல் மனனத்துக்கும் படிக்க உட்காரவே மறுக்கும் பிள்ளைக்கும் குறுகிய முறை பொருந்தும். கூடுதல் கணிதத்துக்கும் கட்டுரைக்கும் மணியை அலமாரியில் வைத்துவிடலாம்.