மார்ஷல் ஜேசிஎம்800: பின்பக்க ஓம் செலக்டரோடு பல வருடப் பழக்கம்

மார்ஷல் ஜேசிஎம்800 2203 ஹெட்டையும் (ஸ்பீக்கர் இல்லாத 100 வாட் டியூப் கிட்டார் ஆம்ப்) 1960ஏ கேபினெட்டையும் (நான்கு ஸ்பீக்கர் பெட்டி) பல வருடங்களாகச் சேர்த்து வாசித்து வருகிறேன். இதன் டோனைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். ஹெட்டின் பின்பக்கம் 4, 8, 16 என்று ஒரு செலக்டர் இருக்கிறதே, மாட்டும் கேபினெட்டின் மொத்த ஓமுக்கு (மின்தடை அளவு) ஆம்பைப் பொருத்துவது, அதைப் பற்றித்தான் யாரும் விரிவாகச் சொல்வதில்லை.

ஸ்பீக்கரின் முதுகில் 16 ஓம் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, செலக்டரையும் 16-ல் வைப்பவர்கள் நிறைய. ஆனால் பார்க்க வேண்டியது தனி ஸ்பீக்கரை அல்ல, கேபினெட்டின் மொத்தத்தை. 1960ஏ-யில் அப்படி நான்கு 16 ஓம் ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. மோனோவில் எந்த ஜாக்கில் செருகுகிறோம் என்பதைப் பொறுத்து மொத்தம் 4 அல்லது 16 ஓம் வரும். கேபினெட்டில் உள்ள மோனோ/ஸ்டீரியோ சுவிட்ச் ஸ்டீரியோவில் இருந்தால் ஒரு ஜாக்குக்கு இரண்டு ஸ்பீக்கர்கள்தான், 8 ஓம். கேபிள் அதே ஜாக்கில் இருக்க, அந்தச் சின்ன சுவிட்ச் நகர்ந்தாலே கணக்கு மாறிவிடும். வேனில் ஏற்றி இறக்கிய பிறகு நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அடுத்தவர் கேபினெட் என்றால் மல்டிமீட்டர் இல்லாமல் நான் தொடுவதே இல்லை. ஸ்பீக்கர் கேபிளை ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு, 200 ஓம் ரேஞ்சில் பிளக்கின் நுனியிலும் உடலிலும் முனைகளை வைக்க வேண்டும். மீட்டர் அளப்பது டிசி ரெசிஸ்டன்ஸ் என்பதால் எண் கொஞ்சம் குறைவாகவே காட்டும்: 16 ஓமுக்கு 13-ஐ ஒட்டி, 8-க்கு ஆறு, ஆறரை, 4-க்கு மூன்று சொச்சம். அளக்கும்போது ஸ்பீக்கரின் கோனை (முன்பக்கக் கூம்பு) விரலால் லேசாக அழுத்தினால் எண் துள்ளும்.

ஒருமுறை வாடகைக்கு வந்த 1960ஏ ஒன்றின் 16 ஓம் ஜாக்கில் 19.5 காட்டியது. மோனோ 16-ல் இரண்டிரண்டு ஸ்பீக்கர்கள் பேரலலாக இருக்கும். அந்த இரண்டு ஜோடிகளும் சீரிஸில் சேரும். ஆறரையும் ஆறரையும் 13 வர வேண்டிய இடத்தில் ஆறரையும் 13-ம் வந்தால், ஒரு ஜோடியில் ஒரு ஸ்பீக்கர் செத்துவிட்டது, இல்லையென்றால் அதன் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. அன்று ஒயர்தான்.

16 ஓம் கேபினெட்டை மாட்டி செலக்டரை 4-ல் வைத்தால் ஆம்பின் பவர் டியூப்களான இஎல்34-கள் உணரும் லோடு (எதிரே உள்ள ஓம் அளவு) நான்கு மடங்காகும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறும். ஸ்பீக்கரே மாட்டாமல் வாசிப்பது அதைவிட மோசம், ஒரு நிமிடம்கூடக் கூடாது. டிரான்சிஸ்டர் ஆம்ப் பழக்கத்தில் வருபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், அங்கே லோடு இல்லாவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

இரண்டு 16 ஓம் கேபினெட் சேர்த்து மாட்டினால் செலக்டர் 8-க்குப் போக வேண்டும், இரண்டு 8 என்றால் 4-க்கு. 4-ஐயும் 16-ஐயும் மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்ததில், பொருத்தம் சரியாக இருக்கும்வரை என் காதுக்கு டோனில் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் எப்போதும் 16-லேயே விட்டுவிட்டேன். அப்புறம், செலக்டரைத் திருப்புவதாக இருந்தால் பவரை அணைத்த பிறகுதான். கிட்டார் கேபிளை ஸ்பீக்கருக்குப் போடவே போடாதீர்கள், மெல்லிய உள்கம்பி 100 வாட் ஆம்பின் கரண்டைத் தாங்காது.