லிசெஸ் ஆய்வுப் பலகை: ஓர் 'ஈரல் வறுவல்' ஆட்டத்தை வைத்துப் பார்த்தால்

காசு கேட்காது, விளம்பரம் வராது. 2010இல் தொடங்கிய லிசெஸ் சதுரங்கத் தளத்தில் தோற்ற ஆட்டத்தை அலச எல்லாமே இருக்கிறது. எடுத்த எடுப்பில் இன்ஜினை, அதாவது நல்ல நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருளைப் போட்டால் மட்டும் பாதிப் பயன் போச்சு.

தொடக்க ஆட்டக்காரர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் டூ நைட்ஸ் என்ற தொடக்க வரிசையையே எடுப்போம். மூன்று நகர்த்தலில் வெள்ளை பிஷப் சி4இல், கறுப்புக் குதிரைகள் சி6, எஃப்6 கட்டங்களில். நாலாவதில் வெள்ளைக் குதிரை ஜி5, கறுப்புச் சிப்பாய் டி5; ஐந்தாவதில் வெள்ளைச் சிப்பாய் அதை வெட்ட, கறுப்புக் குதிரையால் பதில் வெட்டு. ஆறாவதில் வெள்ளை தன் குதிரையை எஃப்7இல் பலி கொடுத்து, ராஜா அதை வெட்டியதும் ராணி எஃப்3 செக். ஃப்ரைட் லிவர், அதாவது ஈரல் வறுவல். வறுபடுவது கறுப்பு ராஜாதான்.

இங்கே ராஜா ஜி8க்கு ஓடினால் இன்ஜின் பெரும்பிழை என்று இரட்டைக் கேள்விக்குறி போடும், காரணம் சொல்லாது. வெள்ளை பிஷப் டி5 குதிரையைச் செக்கோடு வெட்டும். கறுப்பு ராணி வெட்டினால் வெள்ளை ராணி வெட்டும். இ6இல் பிஷப்பைக் குறுக்கே வைத்தால் அதையும் எடுத்து மேட். ஆகவே ராஜா இ6க்குத்தான் ஏற வேண்டும். அடுத்து வெள்ளைக் குதிரை சி3 வந்ததும் டி5 மேல் மூன்று தாக்குதல்; காவலுக்கு ராஜாவும் ராணியும் மட்டும். சி6 குதிரை பி4க்கோ இ7க்கோ வந்தே தீர வேண்டியது அதனால்தான். இதை விரல்விட்டு எண்ணிய பிறகு இன்ஜினைத் திறங்கள்.

திறக்கும்போது லைன், அதாவது அது காட்டும் நகர்த்தல் வரிசைகளின் எண்ணிக்கையை 3 ஆக்குங்கள். ஆறாவதில் பலிக்குப் பதிலாக வெள்ளைச் சிப்பாய் டி4ஐயும் அது காட்டும். அதைப் பார்த்துப் பலி தப்பு என்று முடிவு கட்ட வேண்டாம். எதிராளியின் மிரட்டல் புரியாவிட்டால் கணினியில் எக்ஸ் விசையைத் தட்டினால் அம்புக்குறி காட்டும்.

இருப்பதிலேயே உருப்படியானது, ஒரு நிலையில் மற்றவர்கள் எதை ஆடினார்கள் என்று காட்டும் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர். தேர்ந்த ஆட்டக்காரர்களின் மாஸ்டர் தொகுப்பில் ஐந்தாவதில் கறுப்புக் குதிரை ஏ5தான் பிரதானம். லிசெஸ் தொகுப்புக்கு மாறி 1000 முதல் 1400 வரை ரேட்டிங்கை (ஆட்டத் திறன் புள்ளி) மட்டும் வைத்தால் குதிரையால் டி5 வெட்டு மேலே வந்து நிற்கும். உங்கள் எதிரே உட்காரப்போகிறவர் எதை ஆடுவார் என்பது இந்த இரண்டாவது பட்டியலில்தான் தெரியும்.

'தவறுகளிலிருந்து கற்க' பொத்தான் பிழையான நகர்த்தலில் நிறுத்தி, நல்லதை நீங்களே தேடச் சொல்லும். தந்திரப் பிழைகளுக்கு அது சரி. நிதானமான நிலைகளில் இன்ஜினுக்குப் பிடித்த ஒன்றை ஊகிக்கும் விளையாட்டாகிவிடுகிறது.

குறிப்புகளை அத்தளத்தின் குறிப்பேடான 'ஸ்டடி'யில் சேமியுங்கள். ஒன்றில் 64 அத்தியாயம்தான், பலகைக் கட்டம் மாதிரியே. எதிராளி பெயர் இருந்தால் பிரைவேட்டாக மாற்றிவிடுங்கள்.