தபாட்டா, 30/15, 4×4: ஓட்டக்காரர்களுக்கு எந்த இன்டர்வெல்?

நான் பயிற்சி தரும் நடுத்தூர ஓட்டக்காரர்களுக்குச் சீசனுக்கு முந்தைய அட்டவணை போடும்போது இன்டர்வெல் முறைகளில், அதாவது வேகமும் ஓய்வும் மாறி மாறி வரும் பயிற்சிகளில், போட்டியில் நின்றவை இந்த மூன்றும்தான். எடுத்தது 4×4. அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

தபாட்டா: 20 நொடி வேகம், 10 நொடி ஓய்வு. நேரம் மிச்சம், சரி. ஆனால் இசுமி தபாட்டா குழுவின் 1996 ஆய்வு நடந்தது எர்கோமீட்டர் சைக்கிளில் (உழைப்பை அளக்கும் நிலைச் சைக்கிள்), வி.ஓ.2 மேக்ஸில் (உடல் அதிகபட்சம் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு) 170 சதவீதச் சுமை, ஏழெட்டு சுற்றிலேயே ஆள் ஓய்ந்துவிடுவார். அதே பெயரில் ஜிம்களில் நடக்கும் பர்ப்பி கூத்து வேறு சமாச்சாரம். ட்ராக்கில் அவ்வளவு வேகம் எடுத்து, பத்து நொடியில் மறுபடி கிளம்பினால் ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்தசை) தாங்குமா என்பது என் பயம்.

4×4 என்றால் உச்ச இதயத் துடிப்பில் 90-95 சதவீதத்தில் நாலு நிமிடம், அப்படி நாலு முறை, நடுவே மூன்று நிமிட மெதுஓட்டம். 2007இல் ஹெல்கெரூட் குழு நார்வேயில் செய்த ஒப்பீட்டில் இதனால் வி.ஓ.2 மேக்ஸ் 7.2 சதவீதம் கூடியது. 15 நொடி வேகம், 15 நொடி மெதுஓட்டம் என்ற 15/15 முறையில் 5.5. இந்த வித்தியாசத்தை வைத்து நான் முடிவெடுக்கவில்லை.

எனக்கு முக்கியம், கட்டுப்பாடு. வேகம் எடுத்ததும் துடிப்பு உடனே ஏறாது. ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். 20 நொடி ஓட்டத்தில் வாட்ச் காட்டும் எண்ணை நம்பி எதையும் மாற்ற முடியாது. நாலு நிமிடத்தில் மூன்றாம் நிமிடமே குட்டு வெளிப்பட்டுவிடும். தூரத்தையும் குறித்துக்கொள்வேன். முதல் ரெப்பில் (நாலு நிமிடச் சுற்றில்) 1,200 மீட்டர் ஓடியவர் நாலாவதில் 1,080க்கு விழுந்தால், முதலாவது வெறும் வீராப்பு. அடுத்த வாரம் 1,150இல் தொடங்கச் சொல்வேன். நாலும் ஒரே தூரத்தில் நின்ற பிறகுதான் வேகத்தைக் கூட்டுவது. அதே துடிப்பில் தூரம் கூடினால் முன்னேற்றம். அதற்கு லேப் தேவையில்லை.

30 நொடி வேகம், 15 நொடி இளைப்பாறல் என்ற 30/15-ஐ ஒதுக்க மனம் வரவில்லை. ரோன்னெஸ்டாட் குழு சைக்கிள் வீரர்களிடம் 13 முறை 30/15, அப்படி மூன்று செட் கொடுத்துப் பார்த்ததில், ஐந்து நிமிட இன்டர்வெல்லைவிடப் பலன் அதிகம். சைக்கிளில் பவர் மீட்டர் உழைப்பை அந்த நொடியே காட்டிவிடும். என் புகார் அங்கே எடுபடாது. சைக்கிள்காரர்களோடு எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் அங்கே 4×4-க்காக வாதாட மாட்டேன். நின்று, திரும்பி, மறுபடி பாயும் கால்பந்துக்கும் குறுகிய இன்டர்வெல்தான் பொருத்தம் என்று தோன்றுகிறது.

எதை எடுத்தாலும் வாரத்துக்கு இரண்டு, நடுவே குறைந்தது 48 மணி நேரம். போட்டி நெருங்கியதும் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பந்தய வேக ஓட்டம் வைக்கிறேன்.