எம்டிஐ மோடு: பல வருஷம் பழகிய பிறகு

ஃபானுக் 0ஐ கன்ட்ரோல் (மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டர்) போட்ட ஒரு விஎம்சி (செங்குத்து மில்லிங் மெஷின்), ஒரு லேத். பல வருஷமாக இவைதான் என் பிழைப்பு. எம்டிஐ என்பது கட்டளை வரியைக் கையால் டைப் செய்து அப்படியே ஓட்டும் மோடு; அது இல்லாமல் ஒரு ஜாப்கூட செட் பண்ண முடியாது. "அண்ணே, எம்டிஐ எடுக்க மாட்டேங்குது" என்ற புகாரும் ஓய்ந்ததில்லை. சர்வீஸுக்கு ஃபோன் போடும் அளவுக்கு அதில் விஷயம் இருப்பது அபூர்வம்.

டைப் செய்த வரி திரையின் அடியிலேயே நிற்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். வரி முடிவைக் குறிக்கும் இஓபி போட்டு இன்சர்ட் தட்டினால்தான் அது மேலே ஏறும். பழைய 0-எம் மெஷினில் பழகிய கை தானாக இன்புட்டுக்குப் போகும். இங்கே அது ஆஃப்செட் (டூல் அளவுத் திருத்தம்), பாராமீட்டர் (மெஷினின் உள் அமைப்பு) மதிப்புகளுக்கான கீ. வரி ஏறியும் அசையவில்லையென்றால் கதவையும் ஃபீட் ஓவர்ரைடையும் (நகரும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) பார்த்தால் பெரும்பாலும் போதும்.

எக்ஸ் அச்சை நகர்த்த, தசமப் புள்ளி வைக்காமல் எக்ஸ்50 என்று அடித்தால் பல மெஷின்களில் அது 50 மைக்ரான், அதாவது 0.05 மி.மீ. டேபிள் நகர்ந்ததே கண்ணுக்குத் தெரியாது. 3401 பாராமீட்டரில் 0-வது பிட் 1 ஆக இருந்தால் அதுவே முழு 50 மி.மீ. எதற்கு வம்பு, புள்ளி வைத்துவிடுங்கள்.

ஆளைக் கவிழ்ப்பது ஜி91தான். நிற்கிற இடத்திலிருந்து இவ்வளவு நகரு என்பது ஜி91; ஒர்க் ஜீரோவிலிருந்து (ஜாப்பில் நாம் வைத்த பூஜ்யப் புள்ளி) அளந்த இடத்துக்குப் போ என்பது ஜி90. இசட்டை (மேல்-கீழ் அச்சு) மெஷினின் நிலையான ரெஃபரன்ஸ் புள்ளிக்கு அனுப்ப ஜி91 ஜி28 இசட்0 என்று கொடுக்கிறோம். ஜி90-ல் இருக்கும்போது ஜி28 இசட்0 கொடுத்தால், டூல் முதலில் ஒர்க் ஜீரோவுக்கு இறங்கி, அப்புறம்தான் மேலே போகும். இறங்கும் வழியில் ஜாப், அதாவது மாட்டியிருக்கும் துண்டு, இருக்கும்! அதனால் ஜி91 சரிதான். ஆனால் வேலை முடிந்த பிறகும் அது அமலிலேயே இருக்கும். அடுத்து வேகமாக நகர்த்தும் ஜி00 எக்ஸ்100. என்று கொடுத்தால், 100-க்குப் போகாமல் நிற்கிற இடத்திலிருந்து இன்னொரு 100 ஓடும். ஓவர் டிராவல் (எல்லை தாண்டல்) அலாரம் வந்தால் அதிர்ஷ்டம். கிளாம்ப் குறுக்கே இருந்தால் டூல் போச்சு. ரீசெட் அடித்தால் ஜி90 திரும்பிவிடும் என்று நம்பவும் முடியாது, அது பாராமீட்டரைப் பொறுத்தது. அதனால் எம்டிஐயில் ஒவ்வொரு நகர்வு வரியையும் ஜி90 என்றே தொடங்குகிறேன். சந்தேகம் வந்தால் திரையில் எந்தெந்த ஜி கோடு நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சைக்கிள் ஸ்டார்ட்.

லேத்தில் இதே கதை ஜி96-ல், அதாவது வெட்டும் வேகத்தை மாறாமல் வைக்கும் கோடில். முந்தைய ப்ரோகிராம் ஜி96-ல் நின்றிருந்தால், ஸ்பிண்டிலைச் சுற்றவிடும் எம்03 எஸ்500 என்பது 500 ஆர்பிஎம் இல்லை, நிமிடத்துக்கு 500 மீட்டர். சின்ன விட்டத்தில் ஸ்பிண்டில் ஜி50-ல் கொடுத்த உச்ச வேக வரம்பு வரை ஏறிவிடும். அங்கே நான் அடிப்பது, எஸ்ஸை ஆர்பிஎம் ஆக்கும் ஜி97 சேர்த்து, ஜி97 எஸ்500 எம்03.