பெட்டியா, போர்ட்டலா, ஊர்ப்பணமா? ஒரு தெருவேலை போகும் மூன்று வழிகள்

ஒரு தெருவுக்கு சிமெண்ட் சாலையோ, பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவரோ கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எஸ்டிமேட் போட்டாயிற்று, நிர்வாக அனுமதியும் வந்துவிட்டது. வேலை யார் கைக்குப் போகும்? தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் நாம் பார்த்த வழிகள் மூன்று: விலை எழுதிய கவரைப் பெட்டியில் போடும் பழைய பெட்டி டெண்டர், ஆன்லைன் டெண்டர், மக்களும் பணம் போடும் ‘நமக்கு நாமே’ திட்டம்.

முதல் இரண்டுக்கும் சட்டம் ஒன்றுதான். ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, அதன் கீழ் வந்த 2000-ஆம் ஆண்டு விதிகள். டெண்டர் போட 2 கோடி ரூபாய் வரையான வேலைக்கு 15 நாள், அதற்கு மேல் போனால் 30 நாள் அவகாசம் தர வேண்டும். தகுதி உள்ளவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை. விலையில் பேரம் பேசுவதென்றாலும் அவர் ஒருவரிடம் மட்டும்தான் பேசலாம். காகிதத்தில் பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் பெட்டி இருந்த இடத்துக்குப் போகும் வழியில் இருந்தது.

என் சித்தப்பா சின்ன கான்ட்ராக்டர். ஒருமுறை அவரோடு நானும் கவர் போடப் போனேன். வராண்டாவில் ஒரு பெட்டி, பூட்டின் மேல் துணி சுற்றி அரக்கு முத்திரை. மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள். இரண்டு மணிக்கே எதிர் டீக்கடையில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அடிதடி எதுவும் இல்லை. ஒருவர் வந்து சித்தப்பா தோளில் கை போட்டு, “அண்ணே, இது பேசி முடிச்ச வேலை. அடுத்ததுல பாத்துக்கலாம், டீ சாப்பிடுங்க” என்றார். சித்தப்பா டீ குடித்தார். கவர் சட்டைக்குள்ளேயே வீடு திரும்பியது. பெட்டிக்குள் மூன்று கவர் விழுந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம். ஒன்று எஸ்டிமேட்டுக்கு ஒரு நூல் குறைவு, மற்ற இரண்டும் கூடுதல். முன்பே பேசிவைத்து ஒருவருக்கு விட்டுக்கொடுக்கும் இதற்குத்தான் ‘ரிங்’ என்று பெயர்.

ஆன்லைன் அந்த டீக்கடையைக் காலி செய்தது. தமிழ்நாடு அரசின் டெண்டர் போர்ட்டலில் போடும் விலை பூட்டி வைக்கப்படும். குறைந்தது இரண்டு அதிகாரிகள் தத்தம் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை (பென்டிரைவ் போன்றது) கம்ப்யூட்டரில் செருகினால்தான் திறக்கும். அப்புறம் யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்பதை லாகின்கூட இல்லாமல் நீங்களும் நானும் பார்க்கலாம். பெட்டிக் காலத்தில் இதைத் தெரிந்துகொள்ள ஆர்.டி.ஐ. போட்டுக் காத்திருக்க வேண்டும். இந்த ஒன்றுக்காகவே என் ஓட்டு ஆன்லைனுக்கு.

ஆனால் டீக்கடைக்காரர்கள் எங்கும் போய்விடவில்லை. நான் பார்த்த ஒரு டெண்டரில், வேலை நடக்கும் இடத்தைப் பார்வையிட்டதாக அலுவலரிடம் சான்று வாங்கி இணைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. விலை ரகசியமாகத்தான் இருக்கும், சரி. ஆனால் யார் யார் போட்டிக்கு வருகிறார்கள் என்பது சான்று வாங்கப் போன அன்றே தெரிந்துவிடுமே! அப்படித் தெரிந்தால் போதும், தோளில் கை போட ஆள் வந்துவிடும். கலவை ஆலை இத்தனை கிலோமீட்டருக்குள் சொந்தமாக இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனையும் போட்டியைச் சுருக்கும் இதே ரகம். எனவே டெண்டர் ஆவணத்தில் விலைப் பட்டியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், தகுதி நிபந்தனைப் பக்கத்தை முதலில் படியுங்கள்.

சின்ன ஆட்களுக்கு இன்னொரு கஷ்டம். விலை நிரப்பும் எக்செல் கோப்பின் பெயரை மாற்றினாலோ, அதன் அமைப்பில் கை வைத்தாலோ டெண்டரே தள்ளுபடியாகலாம். கொத்தனாராக இருந்து கான்ட்ராக்டர் ஆனவர் இதை எங்கே கற்பது? பெட்டிக்காக நான் வாதாடுவதென்றால் இந்த ஒரு இடத்தில்தான்: கவரில் எழுதிப் போட அவருக்கு யார் தயவும் தேவைப்படவில்லை.

மூன்றாவது வழியின் கதையே வேறு. நமக்கு நாமே திட்டத்தில் செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும். நீர்நிலை வேலைக்குப் பாதி பணம் போட வேண்டும். பங்கு பாதியோ அதற்கு மேலோ என்றால், பணம் போட்டவர்களே டெண்டர் இல்லாமல் வேலையைச் செய்யலாம். தன் காசு போட்டவர் சிமெண்ட் மூட்டையை எண்ணாமல் விடமாட்டார். பள்ளிச் சுவர், பூங்கா, குளம் போன்றவற்றுக்கு இதுதான் சிறந்தது என்பேன். சாலைக்கும் சாக்கடைக்கும் இதை நம்ப முடியாது. காசுள்ள தெரு முந்திக்கொள்ளும், கூலிக்காரர் தெரு அப்படியே கிடக்கும். தவிர, ‘பொதுமக்கள் பங்கு’ என்று கான்ட்ராக்டரே பணத்தைக் கட்டிவிட்டு வேலையை எடுத்துக்கொண்டால் யார் கேட்பது?

எந்த வழியில் போனாலும், முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் எம்.புக்கை எழுதுவது அதே பொறியாளர்தான். டெண்டர் வேலையின் விலைப் பட்டியலில் கான்கிரீட் இத்தனை செ.மீ. கனம் என்று போட்டிருக்கும். போர்ட்டலில் இறக்கிக் குறித்துக்கொண்டு, வேலை நடக்கும் அன்று ஒரு ஸ்கேலோடு போய் நில்லுங்கள்.

சித்தப்பா இப்போது ஆன்லைனில்தான் போடுகிறார். அதாவது, பிரவுசிங் சென்டர் பையன் போடுகிறான். அவன் டிராயரில் ஏழெட்டுக் கான்ட்ராக்டர்களின் கையெழுத்து டோக்கன்கள் ரப்பர் பேண்ட் போட்டுக் கிடக்கின்றன, போட்டி போடுபவர்களுடையதும் சேர்த்து. மறந்துவிடக் கூடாதென்று சித்தப்பா பாஸ்வேர்டையும் டோக்கன் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்.